தனிவழியில் உண்பதும் ஏமாறாதிருப்பதும்

யாத்திரை என்றால் நம் முன்னோர் கூட்டமாகவே புறப்பட்டனர். சென்னையில் அந்நாளில் இருந்த சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராய்ப் பணியாற்றிய ஏனுகுல வீராசுவாமி என்பார் 1830ஆம் ஆண்டு மே மாதத்தில் காசிக்குப் புறப்பட்டார். உற்றாரும் பணியாட்களுமாகப் பெருந்திரள் அவருடன் சென்றது. போகும் வழியில் திருப்பதியையும் தரிசித்துச் சென்ற அவர், தங்கிய ஊர்தோறும் அங்கே சத்திரம் உண்டா, குடிநீர் நல்லதா, வேண்டும் பண்டங்கள் கிடைக்குமா என்பனவற்றைக் குறித்து வைத்தார். அக்குறிப்புகளே பின்னர்க் ‘காசி யாத்திரா சரித்திரம்’ என்னும் தெலுங்கு நூலாயின. கூட்டத்தோடு சென்றவருக்கே சோறும் தண்ணீரும் அவ்வளவு பெருங்கவலையாக இருந்தன.

இன்றோ தனியே செல்வோர் பலர். வேலை காரணமாகச் செல்லும் இளைஞர், நேர்த்திக்கடன் செலுத்தச் செல்லும் மூதாட்டி, ஓய்வு பெற்றபின் ஊர் பார்க்கப் புறப்படும் பெரியவர் எனப் பல திறத்தார் ஒரு கைப்பையுடன் பேருந்து ஏறிவிடுகின்றனர். தனிப்பயணத்தில் உரிமை மிகுதி, துணை குறைவு. ஆகவே தனியாளுக்கு இரண்டு அச்சங்கள் இயல்பாகவே எழுகின்றன. ஒன்று வயிற்றைப் பற்றியது. மற்றொன்று பணப்பையைப் பற்றியது. தெருவில் உண்டால் நோய் வருமோ என்பது முதல் அச்சம். அயலான் ஏமாற்றிவிடுவானோ என்பது இரண்டாவது அச்சம்.

இவ்விரண்டு அச்சங்களும் பொய்யல்ல. ஆயினும் நம்மிற் பலர் அவற்றை இடம் மாற்றி வைத்துக்கொள்கிறோம். தெருவோரத்தில் அடுப்பு மூட்டி அமர்ந்திருக்கும் ஏழை அம்மையாரைக் கண்டு அஞ்சுகிறோம். வெள்ளைச் சட்டை அணிந்து, நம் மொழியிலேயே பேசி, உதவ முன்வரும் மனிதரைக் கண்டு நெஞ்சம் குளிர்கிறோம். உண்மையில் எச்சரிக்கை மிகுதியாக வேண்டுவது பின்னவரிடத்திலேதான். இதனைச் சித்தூர், திருப்பதி ஆகிய இரண்டு ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்றைய பேச்சில் விளக்க முயல்கிறேன்.

இவ்வூர்களைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இவை தமிழருக்கு அயலூர்களுமல்ல, முற்றிலும் சொந்த ஊர்களுமல்ல. 1911ஆம் ஆண்டு உருவான சித்தூர் மாவட்டம் நெடுங்காலம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சென்றது. 1960இல் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி முதலிய பகுதிகள் நம்மிடம் வந்தன. பின்னர் 2022இல் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைகள் இவ்வாறு மாறினும் மக்களின் நாக்கு மாறவில்லை. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. ஆனால் பலகைகளில் எழுதியிருப்பது தெலுங்கு. காதுக்குப் பாதி விளங்கும். கண்ணுக்கு ஒன்றும் விளங்காது. பாதி விளங்கும் ஊரிலேதான் மனிதன் எளிதாக ஏமாறுகிறான். முற்றிலும் விளங்காத ஊரில் அவன் விழிப்பாயிருப்பான்.

வேலூரிலிருந்து காலை முதற் பேருந்தில் தனியே புறப்படும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரை எண்ணிக்கொள்வோம். சித்தூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவு. அங்கே இறங்கும்போது பசி எடுத்துவிடுகிறது. தெருவோரத் தள்ளுவண்டியில் இட்டலிக் கொப்பரையிலிருந்து ஆவி எழுகிறது. பக்கத்துக் கல்லில் சிவந்த மிளகாய் விழுது தடவிய காரத் தோசை வேகிறது. தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்டினி. வேர்க்கடலை மிகுதியாக விளையும் இராயலசீமைப் பகுதியில் தேங்காயின் இடத்தை அது பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. நண்பகலானால் கேழ்வரகுக் களி கிடைக்கும். அதனை அங்கே சங்கடி என்பர். பெயர் சங்கடம் போல் ஒலித்தாலும் வயிற்றுக்குச் சங்கடம் செய்யாத உணவு அது. மாம்பழக் காலமானால், நாம் கிளிமூக்கு என்று சொல்லும் மாங்காயைக் கீற்றாக அரிந்து, உப்பும் மிளகாய்த் தூளும் தூவித் தருவார்கள்.

நம் ஆசிரியர் இவற்றை உண்ணலாமா? உண்ணலாம். ஆனால் எதை, எப்போது என்று அறிந்து உண்ண வேண்டும்.

உணவைக் கெடுப்பது தெருவன்று. நேரமும் நீரும் ஆகும். நோய்க்கிருமிகள் பெருகுவதற்கு ஏற்ற வெப்பநிலை 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கலாகாது என்பதும் அந்நிறுவனத்தின் அறிவுரை. கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும் தோசையும் ஆவியிலிருந்து எடுத்த இட்டலியும் இந்த எல்லைக்கு மேற்பட்ட சூட்டில் வெந்தவை. ஆகவே அவற்றால் தீங்கு நேர்வது அரிது. தீங்கு வருமாயின் அது பெரும்பாலும் பக்கத்திலிருந்தே வரும். காலையில் அரைத்து நண்பகல் வரை திறந்திருக்கும் சட்டினி, பலர் கை பட்ட தண்ணீர்க் குவளை, ஈ மொய்க்க அரிந்து வைத்த பழம், எந்நீரில் உறைந்ததென்று தெரியாத பனிக்கட்டி ஆகியவையே ஐயத்திற்குரியவை. ஒரே வாளி நீரில் மீண்டும் மீண்டும் அமிழ்த்திக் கழுவும் தட்டும் இவ்வகையைச் சேர்ந்ததே. தட்டின்மேல் வாழையிலைத் துண்டு விரித்துத் தருவாராயின் அக்குறை பெரிதும் நீங்கும்.

ஆகவே தெருவுணவுக்குரிய விதி எளியது. கண்ணெதிரே வேகும் பொருளை வாங்குக. கை சுடும்படியாக இருக்கும்போதே உண்க. கூட்டம் நிறைந்த கடையை நாடுக. கூட்டம் மிகுந்த இடத்தில் மாவும் எண்ணெயும் தேங்கிக் கிடப்பதில்லை. மாங்கீற்று வேண்டுமாயின் முழுக் காயைக் காட்டி, நம் முன்னே அரியச் சொல்லலாம். தண்ணீரைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அது தீர்ந்தால் வெந்நீர் கேட்கலாம்; தெலுங்கில் வேடி நீள்ளு என்றால் எந்தக் கடைக்காரருக்கும் விளங்கும்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. பெரிய உணவுவிடுதியில் சமையற்கட்டு சுவருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது, குழம்பு எப்போது வைத்தது என்பன நமக்குத் தெரியா. தெருவோரக் கடையிலோ சமையற்கட்டே கடை. மறைப்பதற்கு இடமில்லை. மேலும், அந்த அம்மையார் நாளையும் அதே மரத்தடியில் அடுப்பு மூட்ட வேண்டியவர். இன்று உண்டவர் நாளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் அவர் பிழைப்பு கெடும். ஒரே இடத்தில் நிலைத்திருப்பது ஒரு பெரும் பிணை. எழுதித் தந்த பத்திரத்தைவிட அது வலியது.

இந்நிலைபேற்றின் மதிப்பைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. தெருவோர வணிகரின் பிழைப்பைக் காத்து முறைப்படுத்துவதற்கென நம் நாட்டில் 2014இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வணிகரைக் கணக்கெடுத்து, சான்றிதழ் வழங்கி, இடம் வரையறுக்க அது வழி செய்கிறது. நம் தமிழ் மக்கள் மிகுதியாக வாழும் சிங்கப்பூர் இதற்கு முன்னோடி. 1970களிலும் 1980களிலும் அந்நாட்டரசு தெருவணிகரை விரட்டிவிடாமல், குழாய்நீரும் கழிவுநீர் வாய்க்காலும் உள்ள பொதுக் கூடங்களில் குடியமர்த்தியது. தோசையும் மீன்குழம்பும் அருகருகே விற்கும் அக்கூடங்களின் பண்பாட்டை 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. தெருவுணவு இழிந்ததன்று, நீரும் இடமும் கொடுத்தால் அது மேன்மையுறும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

உண்டு முடிந்தது; காசு கொடுக்க வேண்டும். விலையை உண்பதற்கு முன்பே கேட்டுவிடுவது தனியாளுக்கு அழகு. தெலுங்கில் எந்த என்றால் எவ்வளவு என்று பொருள். நம்மவர் ஒருவர் தமிழிலே “எந்தத் தோசை?” என்று கேட்கப்போக, கடைக்காரர் விலையைச் சொல்லிவிடுவதும் உண்டு. சில்லறை என்ற சொல் இரு மொழிக்கும் பொது. பத்து இருபது ரூபாய்த் தாள்களைத் தனியே ஒரு பையில் வைத்துக்கொண்டால், பெரிய தாளை நீட்டி மீதிக்காகக் காத்து நிற்கும் நிலை வராது. உறையிட்ட பொருள்களிலும் தண்ணீர்ப் புட்டியிலும் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். அச்சிட்ட விலையை விரலால் சுட்டிக் காட்டினாலே பெரும்பாலும் போதும், வாதம் வேண்டுவதில்லை.

இனி நம் ஆசிரியர் திருப்பதிக்குப் பேருந்து ஏறுகிறார். சித்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அங்கே இறங்கியதும் காற்றே மாறுகிறது. சித்தூரில் யாரும் அவசரப்படவில்லை. திருப்பதியில் எல்லாரும் அவசரப்படுகின்றனர். தரிசனத்திற்கு நேரம் குறித்த சீட்டு வேண்டும். தங்க இடம் வேண்டும். மலைக்கு வண்டி வேண்டும். ஒவ்வொன்றிலும் தமக்கு முன்னே ஆயிரம் பேர் நிற்பதாகப் புதியவருக்குத் தோன்றுகிறது. அந்நேரத்திலேதான் பக்கத்தில் ஒரு குரல் கேட்கிறது.

“ஐயா, தமிழ்நாடுங்களா? இன்றைக்கு டோக்கன் எல்லாம் முடிந்துவிட்டது. கவலை வேண்டாம், நமக்குத் தெரிந்த ஆள் உள்ளே இருக்கிறார். நேரே அழைத்துப் போய்விடுவார்.”

இந்தச் சில சொற்களில் ஏமாற்றுக் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது. முதலில் நம் மொழியைப் பேசி உறவு கொண்டாடுதல். அடுத்துப் பொதுவழி அடைபட்டுவிட்டது என்று அச்சுறுத்தல். இறுதியில் தனிவழி ஒன்று உண்டு என்று ஆசை காட்டல். இங்கே விற்கப்படுவது சீட்டன்று. நம்முடைய பதற்றமே நமக்கு விற்கப்படுகிறது.

அச்சம் ஏன் எளிதில் பற்றிக்கொள்கிறது? அதில் ஓரளவு உண்மை கலந்திருப்பதால். திருப்பதியில் நெரிசல் கற்பனையன்று. 2025ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வைகுண்ட ஏகாதசிக்கான சீட்டு வாங்கத் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் உயிரிழந்தனர். இத்தகைய செய்திகளைக் கேட்டறிந்த மனம், முடிந்துவிட்டது என்ற சொல்லைக் கேட்டவுடன் தளர்ந்துவிடும். ஆகவே ஏமாந்தவரை மூடர் என்று நகைப்பது முறையன்று.

உண்மை நிலை யாது? திருப்பதியில் விஷ்ணு நிவாசம், ஸ்ரீநிவாசம் என்னும் தேவஸ்தான விடுதி வளாகங்களிலும், மலையடிவாரத்து அலிபிரியை அடுத்த பூதேவி வளாகத்திலும் நேரங்குறித்த இலவசத் தரிசனச் சீட்டுகளை வழங்குவது அண்மை ஆண்டுகளின் முறை. அச்சீட்டு தீர்ந்துவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. திருமலைக்குச் சென்று, வைகுண்டம் வரிசைக் கூடத்தில் காத்திருந்து இலவசமாகவே தரிசிக்கலாம். நேரம் கூடும், அவ்வளவே. மேலும், 300 ரூபாய் சிறப்பு நுழைவுச் சீட்டு முதலியவை ஆதார் எண்ணோடும் பெயரோடும் பிணைக்கப்பட்டவை. பிறர் பெயரில் உள்ள சீட்டை எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அது நமக்கு நுழைவுரிமை தராது. வாயிலில் திருப்பி அனுப்பப்படுவதோடு, காவலருக்கு விடை சொல்லவும் நேரலாம். அதற்குள் தரகர் மறைந்திருப்பார். காலையில் தோசை வார்த்த அம்மையாரை மாலையில் அதே இடத்தில் காணலாம். இவரைக் காண இயலாது.

இந்த வித்தை திருப்பதிக்கு மட்டும் உரியதன்று. தாய்லாந்தின் பாங்காக் நகரில் அரண்மனை வாயிலருகே ஒருவர் வந்து, இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு நல்ல இடம் காட்டுகிறேன் என்று சொல்லி, அயல்நாட்டாரை இரத்தினக் கடைக்கு அழைத்துப் போவது பல்லாண்டுகளாய் நடக்கும் சூழ்ச்சி. புதுதில்லி இரயில் நிலையத்தருகே, முன்பதிவு அலுவலகம் இடம் மாறிவிட்டது என்று சொல்லித் தனியார் பயணக் கடைக்குத் திருப்பிவிடுவதும் அதே சூழ்ச்சிதான். மூன்று ஊர், மூன்று மொழி, சொல் ஒன்றே. பொதுக்கதவு மூடிவிட்டது என்று ஒருவர் சொன்னால், நாமே நடந்து சென்று அக்கதவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பாங்காக்கிற்கு உரிய மருந்து திருப்பதிக்கும் பொருந்தும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியோர் சொன்னது எந்நாட்டுப் பயணிக்கும் ஏற்றதே.

இன்று இதே குரல் கைபேசிக்குள்ளிருந்தும் பேசுகிறது. தேவஸ்தானத்தின் இணையதளம் போலவே வண்ணமும் படமும் அமைத்து, சீட்டும் அறையும் தருவதாகப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் பல தோன்றின. 2023ஆம் ஆண்டளவில் இவ்வாறு நாற்பதுக்கும் மேற்பட்ட தளங்கள் மீது தேவஸ்தானம் புகார் செய்திருந்தது. 2024இன் தொடக்கம் முதல் தேவஸ்தானத்தின் தளம் ஆந்திர அரசின் இணைய முகவரியின்கீழ் இயங்குகிறது. முகவரியின் இறுதியில் அரசுக்குரிய கவ், இன் என்னும் ஒட்டுகள் உளவா என்று பார்த்த பின்னரே பணம் செலுத்துதல் வேண்டும். தேடும்போது முதலில் வந்து நிற்பது விளம்பரமாகவும் இருக்கலாம். முதலில் நிற்பவர் எல்லாம் முதலாளி அல்லர்.

இவ்விடத்தில் ஒரு சொல்லை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். தமிழில் உசிதம் என்றால் தக்கது, பொருத்தமானது என்று பொருள் கொள்கிறோம். தெலுங்கில் அதே வடசொல் இலவசம் என்ற பொருளில் வழங்குகிறது. திருப்பதியிலும் திருமலையிலும் பல வாயில்களில் இச்சொல் தெலுங்கு எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். அதனைப் படிக்கத் தெரியாத தனியாளிடம், இலவசமாகக் கிடைப்பதையே விலைக்கு விற்க ஒரு கை எப்போதும் ஆயத்தமாயிருக்கிறது. பண்டம் இல்லாதவன் செய்யும் வாணிகம் இது. ஆகையால் திருமலையில் எவையெவை இலவசம் என்பதை முன்னமே அறிந்து வைத்தல் பணப்பையின் பூட்டுக்கு நிகராகும்.

அலிபிரியிலிருந்து 3550 படிகள் ஏறி நடந்து செல்வோரின் மூட்டை முடிச்சுகளைத் தேவஸ்தானமே பெற்றுக்கொண்டு மலைமேல் சேர்ப்பிக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. மலைமேல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல இலவசப் பேருந்துகள் ஓடுகின்றன. கல்யாணகட்டையில் முடி காணிக்கை செலுத்துவதும் இலவசமே. அங்கே கை நீட்டுவார் யாரேனும் இருப்பின், கொடுப்பது நம் விருப்பமேயன்றிக் கடமையன்று.

தனியாளுக்கு மிகுந்த இடர் தருவது தங்குமிடம். திருமலையில் ஒற்றை ஆளுக்கு அறை ஒதுக்காமை நெடுநாளைய வழக்கம். நகரத்து விடுதிகளிலும் சிலர் தயங்குவர். இதனை அறியாமல் இரவில் அலைபவரைத் தேடித் தரகர் வருவார். தனியாளுக்கென உள்ளவை யாத்திரிகர் வசதி வளாகங்கள். அங்கே பொருள்களை வைக்கப் பூட்டுப் பெட்டகமும் படுக்கக் கூடமும் இலவசமாகவே கிடைக்கின்றன. அறை இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் மனம் கலங்காமல், கூடம் எங்கே என்று கேட்பவர் பிழைத்தார்.

லட்டுக்கு வருவோம். 2020 ஜனவரி முதல் தரிசனம் செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு லட்டு இலவசமாக வழங்கப்படுகிறது. கூடுதலாக வேண்டுவோர் 50 ரூபாய் வீதம் வாங்கிக்கொள்ளலாம். அதன் பொருட்கணக்கைத் திட்டம் என்பர். 5100 லட்டுகளுக்குக் கடலைமாவு 180 கிலோ, நெய் 165 கிலோ, சர்க்கரை 400 கிலோ, முந்திரி 30 கிலோ, உலர் திராட்சை 16 கிலோ, கற்கண்டு 8 கிலோ, ஏலக்காய் 4 கிலோ. ஆக 803 கிலோ. 2009ஆம் ஆண்டு முதல் திருப்பதி லட்டு புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் பெற்றது. ஆகவே அப்பெயரைச் சொல்லித் தெருவில் கூவி விற்பது லட்டாக இருக்கலாம். திருப்பதி லட்டு ஆகாது. தரகர் கைமாற்றாக விற்பதைத் தடுக்கவே, தரிசனச் சீட்டு இல்லாதோர் லட்டு வாங்க ஆதார் காட்ட வேண்டும் என்ற முறை 2024இல் வந்தது.

மற்றொரு பொருள் செஞ்சந்தனம். நவராத்திரிக் கொலுவில் நாம் வைக்கும் மரப்பாச்சிப் பொம்மைகளைக் கடைவதற்கு மரபாகப் பயன்பட்ட மரம் அது. சேஷாசல மலைத்தொடரும் அதனை அடுத்த பகுதிகளுமே அதன் இயற்கை உறைவிடம். அம்மரத்தின் வாணிகம் சட்டத்தால் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. இரகசியமாய் அழைத்துச் சென்று, இரசீது இன்றி, அசல் செஞ்சந்தனம் என்று ஒருவர் விற்கும் துண்டு பொய்யானால் நமக்கு நட்டம். மெய்யானால் நம்மேல் குற்றம். இரு வழியிலும் வாங்கியவர்க்கே இழப்பு.

இன்னும் ஒரு வகை உண்டு. கேளாமலே ஒருவர் நெற்றியில் திருமண் இட்டு, கையில் பூவைத் தந்து, பிறகு பணம் கேட்பார். தமிழில் ஏமாற்றுவதற்கு நாமம் போடுதல் என்று ஒரு வழக்கு இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பாரிசு நகரத்து வீதிகளிலும் இதன் உடன்பிறப்பு உலவுகிறது. கீழே கிடந்ததாக ஒரு மோதிரத்தை எடுத்து, உம்முடையதா என்று கேட்டு, நம் கையில் திணித்து, பின்னர்ப் பணம் கேட்பார்கள், மோதிரம் பித்தளை. முதலில் கொடுத்துவிட்டால் பெற்றவர் மறுக்க நாணுவார் என்பதே இரண்டிற்கும் அடிப்படை. வாங்காத கை கடன்படாது. புன்னகையோடு கை கூப்பி நகர்ந்துவிடுவதே தக்க விடை. கடுஞ்சொல் வேண்டுவதில்லை, தனியாளுக்குச் சச்சரவு ஆகாது.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் ஏமாற்றம் நேரலாம், வயிறும் கெடலாம். அப்போது செய்யத்தக்கது யாது? வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து இட்டுக் கலக்கிச் சிறிது சிறிதாகப் பருக வேண்டும். மருந்துக் கடைகளில் இதற்கான பொடி உறையிட்டும் கிடைக்கும். காய்ச்சலோ இரத்தப்போக்கோ தோன்றினால் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். தனியே இருப்பவர் விடுதிப் பணியாளரிடமேனும் தம் உடல்நிலையைச் சொல்லி வைத்தல் நலம்.

பணம் இழந்தவர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. படித்தவனாகிய நான் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது என்ற நாணம் அவரைத் தடுக்கிறது. வீட்டாரிடமும் மறைத்துவிடுகிறார். இந்த மௌனமே ஏமாற்றுவோரின் முதலீடு. இணையவழியில் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அறிவிக்க வேண்டும். விரைந்து சொன்னால், பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. நுகர்வோர் குறைகளுக்கு 1915. உடனடிக் காவல் உதவிக்கு 112. ஒருவர் சொல்லிய புகார் அவருக்குப் பணத்தைத் திருப்பித் தராமற் போகலாம். அடுத்த பேருந்தில் வந்து இறங்கும் மற்றொரு தனியாளைக் காப்பாற்றும்.

நேயர்களே, இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, இனி அயலாரை நம்பவே கூடாது என்ற முடிவுக்கு யாரும் வரவேண்டாம். அவ்வாறு வந்தால் அதுவே பேரிழப்பு. பறிபோன ஐந்நூறு ரூபாயை மீண்டும் ஈட்டலாம். அயலார் எல்லாரும் கள்வர் என்ற எண்ணம் ஒருமுறை நெஞ்சில் புகுந்துவிட்டால், பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் நமக்குக் கிட்டாது. நம்பிக்கையை ஒழிக்க வேண்டுவதில்லை. அதனை இடமறிந்து வைக்க வேண்டும். அதற்கு மூன்று வினாக்கள் போதும். இவர் தருவது என் கண்ணுக்குத் தெரிகிறதா? விலையை முதலிலேயே சொன்னாரா? நாளை வந்தால் இவரை இதே இடத்தில் காண முடியுமா? மூன்றிற்கும் ஆம் என்று விடை வருமாயின் அஞ்சாமல் வாங்கலாம். அவரிடத்தில் நம் மொழி இல்லாவிடினும் குற்றமில்லை.

திருமலையில் 1985ஆம் ஆண்டு என். டி. ராமராவ் முதலமைச்சராயிருந்தபோது, நாள்தோறும் இரண்டாயிரம் பேருக்கு எனத் தொடங்கிய அன்னதானம் இன்று பன்மடங்காக வளர்ந்து நிற்கிறது. 2011இல் திறக்கப்பட்ட அதன் பெருங்கட்டடம், பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த தெலுங்குக் கவிஞர் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. நான்கு பெருங்கூடங்கள், ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக இலை. சோறு, சாம்பார், இரசம், மோர், சர்க்கரைப் பொங்கல். 2025 முதல் வடையும் சேர்ந்தது. அங்கே நுழைய யாருடைய பரிந்துரையும் வேண்டா. எந்த ஊர் என்று கேட்பாரும் இல்லை. தனியே வந்த ஆசிரியருக்கு வலப்புறம் ஒரு கன்னடக் குடும்பம், இடப்புறம் ஒரு மராட்டிய முதியவர். இலையில் சூடாகச் சோறு விழுகிறது. தரகர் விலை பேசிய பொருள்களுள் பெரும்பாலானவை இப்படித்தான், கேட்பாரின்றி, திறந்த கதவுக்குள் கிடைக்கின்றன. கதவு எங்கிருக்கிறது என்று தெரிந்தவர் தனியே செல்லலாம்.